ஃபைபர் இணைப்புக்கு எந்த மோடம்? பிளானை உயர்த்தும் முன் பெட்டியைப் பாருங்கள்

இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பும் நேரம். வளைகுடாவில் வேலை முடித்து அறைக்கு வந்த வாப்பா வீடியோ அழைப்பில் வருகிறார். முன்ஹாலில் முகம் தெளிவாகத் தெரிகிறது. கைபேசியைப் பின்கட்டில் இருக்கும் உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் படம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. "கேக்குதா? கேக்குதா?" என்று இரண்டு பக்கமும் கேட்டே நேரம் போகிறது.

அடுத்த நாள் இணைப்புக்காரரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பெரிய பிளானுக்கு மாறிடுங்க." மாதம் சில நூறு ரூபாய் கூடுகிறது. பின்கட்டில் படம் உறைவது மட்டும் நிற்பதில்லை.

காரணம் எளிது. நாம் பணம் கட்டுவது தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியின் வேகத்துக்கு. அந்த வேகத்தை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுவரில் மாட்டிய பெட்டி. நல்ல வீடியோ அழைப்புக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். 30 எம்பிபிஎஸ் பிளானிலேயே அது பல மடங்கு இருக்கிறது. ஆகவே அழைப்பு தடுமாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளானை அல்ல, பெட்டியையும் அது இருக்கும் இடத்தையும்தான். வெளிநாட்டில் வியர்வை சிந்தி அனுப்பும் பணம் பயனில்லாமல் போவதும் வீண்விரயம்தானே!

நம் ஊர்களில் பரவலாக இருக்கும் பிஎஸ்என்எல் பாரத் ஃபைபர் இணைப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, இணைப்புடன் வரும் பெட்டிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம். மற்ற நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நாம் பழக்கத்தில் "மோடம்" என்று சொல்லும் பெட்டியின் பெயர் ஓஎன்டி. ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது முதல் வேலை. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் இணைப்பைப் பகிர்ந்து கொடுப்பது இரண்டாவது, இதுதான் ரவுட்டர். காற்றில் வைஃபையாக அனுப்புவது மூன்றாவது. தரைவழி தொலைபேசி எண்ணும் இருந்தால் அதற்கான துளையும் இதே பெட்டியில் இருக்கும்.

பிஎஸ்என்எல் இணைப்பைப் பல ஊர்களில் உள்ளூர் பங்குதாரர்கள் வழியாகவே கொடுக்கிறார்கள். பெட்டியை அவர்களிடமே வாங்கலாம். பொருத்தமானதாக இருந்தால் நாமே வெளியில் வாங்கியும் மாட்டலாம். இந்த வசதியால் தெரிவு நம் கையில் இருக்கிறது. ஆனால் பலரும், "எது இருக்கோ அதை மாட்டுங்க" என்று விட்டுவிடுகிறோம். அப்போது விலை குறைந்த பெட்டியே வீட்டுக்கு வர வாய்ப்பு அதிகம்.

மூன்று வகைப் பெட்டிகள்

பெட்டியின் மேலே எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்று வகைதான்.

முதல் வகை, ஒற்றை அலைவரிசைப் பெட்டி. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும். இதை வைஃபை 4 என்கிறார்கள். இதன் தரம் 2009இல் முடிவானது. விலை குறைவு. சுவர்களை ஓரளவு நன்றாகக் கடக்கும். ஆனால் இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் நம் தெருக்களில் பத்துப் பதினைந்து வீட்டு வைஃபையும் இந்த மூன்று தடங்களில்தான் நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் கூட இதே அலைவரிசையில் வருகின்றன. பகலில் நன்றாக இருக்கும் இணைப்பு இரவு எட்டு மணிக்கு மேல் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் வகை, இரட்டை அலைவரிசைப் பெட்டி. 2.4 உடன் 5 ஜிகாஹெர்ட்ஸும் இருக்கும். இது வைஃபை 5. 5 ஜிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், நெரிசல் குறைவு, வேகம் பல மடங்கு. குறை ஒன்றுதான்: சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. பெட்டி இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் அருமையாக இருக்கும். இரண்டு கனத்த சுவர்களுக்கு அப்பால் சோர்ந்துவிடும். அங்கே கைபேசி 2.4க்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, வைஃபை 6. இதுவும் இரு அலைவரிசைதான். ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தடத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதில் இது கெட்டிக்காரப் பெட்டி. கூட்டுக் குடும்பமாகப் பத்து, பதினைந்து கருவிகள் உள்ள வீட்டுக்குப் பயன் தெரியும். ஆனால் கைபேசியும் மடிக்கணினியும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் முழுப் பலன். வீட்டில் எல்லாம் பழைய கைபேசிகள் என்றால் கூடுதல் பணத்துக்கு உடனடிப் பலன் குறைவு.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்

ஒற்றை அலைவரிசைப் பெட்டியின் மேல் "300 எம்பிபிஎஸ்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, "100 எம்பிபிஎஸ் பிளானுக்கு இது தாராளம்" என்று நினைத்துவிடுகிறோம். அந்த 300 என்பது இரண்டு ஆன்டெனாவும் அகலமான தடமும் இருந்தால் கிடைக்கும் உச்சக் கணக்கு. நெரிசலான தெருவில் தடத்தின் அகலம் பாதியாகிவிடும். ஒரே ஆன்டெனா உள்ள சாதாரணக் கைபேசிக்கு அப்போது உச்சம் 72 மட்டுமே. அதிலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. பக்கத்து வீட்டு வைஃபைகளோடு போட்டி என்றால் இன்னும் குறையும். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தே 35, 40 என்று பார்ப்பவர்களின் கதை இதுதான்.

இரட்டை அலைவரிசைப் பெட்டியில் 1200 என்று இருக்கும். 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டிச் சொல்லும் எண் அது. ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். ஒரே ஆன்டெனா உள்ள கைபேசிக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸில் 433 வரை உச்சம் உண்டு. பாதி என்று வைத்தாலும் 200ஐத் தொடும். சாதாரணக் குடும்பத்தின் பிளானுக்கு இது தாராளம்.

கம்பி துளையிலும் ஒரு வேறுபாடு

பெட்டியின் பின்னால் உள்ள லேன் துளைகளிலும் இரண்டு வகை உண்டு. ஜிஇ என்று குறித்தது 1000 எம்பிபிஎஸ் வரை தரும். எஃப்இ என்று குறித்தது 100 வரைதான். சோதித்தால் 94, 95க்கு மேல் ஏறாது. "1ஜிஇ + 1எஃப்இ" என்று குறித்த பெட்டியில் ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது என்று பொருள். 150 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்துவிட்டு, கணினியை எஃப்இ துளையில் செருகி வைத்தால் மீதி வேகத்துக்குக் கட்டும் பணம் வீண். எந்தத் துளை எது என்று பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டிலோ கையேட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம்

பிளானை மாற்றும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். பத்து நிமிட வேலைதான்.

முதலாவது, மடிக்கணினியை ஜிஇ துளையில் லேன் கம்பியால் இணைத்து வேகத்தைப் பாருங்கள். பிளானில் சொன்ன வேகம் ஏறக்குறைய வந்தால் இணைப்பில் குறையில்லை. வராவிட்டால் இணைப்புக்காரரிடம் உரிமையோடு கேட்கலாம்.

இரண்டாவது, கைபேசியோடு பெட்டிக்கு ஆறடி தூரத்தில் நின்று பாருங்கள். கம்பியில் நல்ல வேகமும் இங்கே குறைவான வேகமும் வந்தால் பெட்டியின் வைஃபைதான் பலவீனம்.

மூன்றாவது, பிரச்சினை உள்ள அறையில் பாருங்கள். பெட்டி அருகே நன்றாக இருந்து இங்கே மட்டும் குறைந்தால் குறை சுவரிலும் தூரத்திலும் இருக்கிறது. எந்தப் பிளானும் அதைச் சரிசெய்யாது.

இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஒருமுறை, காலை ஃபஜ்ருக்குப் பின் ஒருமுறை சோதித்தால் நெரிசல் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழை அறுந்திருக்கலாம், அல்லது கூர்மையாக மடங்கியிருக்கலாம். மஞ்சள் நிற மெல்லிய கம்பியை ஆணியில் சுற்றி மாட்டுவதும், கதவிடுக்கில் நசுக்குவதும் கூடாது. இணைப்பு அடிக்கடி விட்டு விட்டு வந்தால், வருபவரிடம் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை பெட்டி ஏற்கும். மைனஸ் 25ஐத் தாண்டிவிட்டால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆபத்து.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் பேச வேண்டும். அங்கிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வராததற்கு நம் வீட்டு மோடத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை.

நீளமான வீடுகளுக்கு என்ன செய்வது?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பழைய வீடுகள் பல தெருவிலிருந்து உள்நோக்கி நீண்டு செல்பவை. கனத்த சுவர்கள் வேறு. கம்பி தெருப்பக்கம் வருவதால் பெட்டியையும் வாசல் அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். பெண்கள் அதிக நேரம் புழங்குவதோ உள்வீட்டிலும் பின்கட்டிலும். கடைசியில் விருந்தாளி உட்காரும் இடத்தில் இணையம் பறக்கிறது, வீட்டார் இருக்கும் இடத்தில் தவழ்கிறது.

இணைப்பு கொடுக்க வரும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். இழையை இன்னும் சில மீட்டர் உள்ளே இழுத்து வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில் பெட்டியை வைப்பது பெரிய வேலை அல்ல. இரும்பு பீரோவுக்குள்ளும், தொலைக்காட்சிக்குப் பின்னாலும், நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். உலோகமும் கண்ணாடிப் பூச்சும் அலையைத் தடுக்கும்.

அப்படியும் எட்டாவிட்டால் லேன் கம்பி ஒன்றைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே சாதாரண ரவுட்டர் ஒன்றை வையுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதை "ஆக்சஸ் பாயிண்ட்" ஆக மாற்றினால் போதுமானது. அந்த வசதி அதில் இல்லையென்றால் அதன் முகவரியை மாற்றி, டிஹெச்சிபியை நிறுத்தி, இரு பெட்டிகளையும் லேன் துளைக்கு லேன் துளை இணைக்கலாம். கடையில் விற்கும் சிறிய வைஃபை ரிப்பீட்டர் மலிவுதான். ஆனால் காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே கொடுப்பதால் பெரும்பாலும் வேகம் பாதியாகிவிடும். கம்பி இழுக்க வழியே இல்லாத இடத்தில் மட்டும் அது போதும். மாடி வீடுகளுக்கும் இதே வழிதான். மாதாமாதம் பிளானுக்குக் கூடுதலாகக் கட்டுவதைவிட ஒருமுறை இழுக்கும் கம்பி லாபம்.

பெட்டி யாருடையது?

இதை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. பெட்டி மூன்று விதமாக வீட்டுக்கு வரலாம்: விலை கொடுத்து வாங்கியது, மாத வாடகைக்கு வந்தது, இணைப்பு இருக்கும் வரை பயன்படுத்த இலவசமாகக் கொடுத்தது. தனியார் நிறுவனங்கள் பல கடைசி முறையில்தான் கொடுக்கின்றன. அந்தப் பெட்டி நம்முடையது அல்ல, நம்மிடம் இருக்கும் அமானிதம். இணைப்பைத் துண்டிக்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை விற்பதும், வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதும் கூடாது.

அதேபோல நமக்கும் உரிமை உண்டு. விலைக்கு வாங்கினால் ரசீதும் உத்தரவாதக் காலமும் கேளுங்கள். முன்பணம் கட்டினால் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. தெரிந்தவர்தானே என்று விட்டுவிடுவதுதான் பிறகு மனக்கசப்பில் முடிகிறது.

வெளியில் வாங்குவதாக இருந்தால் உங்கள் பகுதியில் ஜிபானா, இபானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு முறைகள். எக்ஸ்பான் என்று குறித்த பெட்டி இரண்டுக்கும் பொருந்தும். பெட்டியின் எண்ணை அவர்கள் தங்கள் பக்கம் பதிவுசெய்தால்தான் இணைப்பு வரும் என்பதால், பதிவுசெய்து தருவார்களா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்காகக் கேட்க வேண்டிய கேள்வி

வேகத்தைப் பற்றி ஆயிரம் கேட்கிறோம். "இந்தப் பெட்டியில் பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு உண்டா?" என்று கேட்பவர்கள் குறைவு. பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டு வசதிகளைக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்று, நேரக் கட்டுப்பாடு. குறிப்பிட்ட கருவிகளுக்கு இரவு பத்து மணி முதல் ஃபஜ்ர் வரை இணையம் இல்லை என்று அமைக்கலாம். இந்த வசதி பல பெட்டிகளில் இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மற்றொன்று, டிஎன்எஸ் முகவரியை மாற்றும் வசதி. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்கென இலவசமாகத் தரும் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரு முகவரிகளைப் பெட்டியில் போட்டுவிட்டால், ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் வீடு முழுவதும் திறக்காது. ஒவ்வொரு கைபேசியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நிறுவனம் தரும் சில பெட்டிகளில் இந்த அமைப்பைப் பூட்டி வைத்திருப்பார்கள். வாங்கும் முன்பே கேளுங்கள்.

இது முழுமையான பாதுகாப்பு அல்ல. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, விபிஎன் போட்டாலோ இந்தத் தடுப்பு வேலை செய்யாது. பெட்டி வாசலில் நிற்கும் காவல்காரர் மட்டுமே. பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதும், கைபேசியை ஹாலில் வைத்துப் பயன்படுத்தும் பழக்கமும், அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வை மனதில் விதைப்பதும் பெற்றோரின் பொறுப்பு. அதை எந்தப் பெட்டியிடமும் ஒப்படைக்க முடியாது.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அது மாறாமல் இருந்தால் வீட்டு வைஃபையில் இணையும் யாரும் எல்லா அமைப்பையும் மாற்றிவிடலாம். வைஃபைக்கு நீளமான கடவுச்சொல் வையுங்கள். கைபேசி எண்ணை வைக்காதீர்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுங்கள். அதன் எண் முறையில் உள்ள ஓட்டை 2011இலேயே வெளிவந்துவிட்டது.

விருந்தாளிகளுக்கென "கெஸ்ட்" வைஃபையைத் தனியாக வைக்கலாம். கல்யாண வீட்டில் ஐம்பது பேருக்குக் கொடுத்த கடவுச்சொல்லை மறுநாள் மாற்றிவிடலாம், வீட்டாரின் கருவிகள் பாதிக்கப்படாது. பக்கத்து வீட்டாருக்கு உதவுவது நல்ல குணம்தான். ஆனால் நம் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் முதலில் கேள்வி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். கடவுச்சொல் ஊரெல்லாம் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டு உள்ள ஊர்களில் பெட்டிக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் பயன்படும். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியரா 2 ஆம்பியரா என்று பார்த்து, அதற்கு ஈடானதை வாங்குங்கள்.

ஆக, எதை வாங்குவது?

ஒன்றிரண்டு பேர் மட்டும் இருக்கும் சிறிய வீடு, 30 எம்பிபிஎஸ் பிளான், அக்கம்பக்கத்தில் நெரிசல் இல்லை என்றால் ஒற்றை அலைவரிசைப் பெட்டி சமாளிக்கும். ஏற்கெனவே அது வேலை செய்துகொண்டிருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

புதிதாக வாங்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு நம் பரிந்துரை இரட்டை அலைவரிசை வைஃபை 5 பெட்டி; லேன் துளைகள் ஜிஇ ஆக இருப்பது நல்லது. கருவிகள் அதிகம், கைபேசிகளும் புதியவை, பிளானும் 200க்கு மேல் என்றால் வைஃபை 6 பெட்டிக்குப் போகலாம். எந்தப் பெட்டியானாலும் அது வீட்டின் நடுவில் இருக்க வேண்டும், அல்லது கம்பி வழியாக இரண்டாவது ரவுட்டர் பின்கட்டில் இருக்க வேண்டும்.

இணைப்புக்காரரிடம் கேட்க ஐந்தே கேள்விகள்: ஒற்றை அலைவரிசையா, இரட்டையா? லேன் துளை ஜிஇயா, எஃப்இயா? பெட்டி விலைக்கா, வாடகைக்கா, திருப்பித் தர வேண்டியதா? டிஎன்எஸ் மாற்ற முடியுமா? வீட்டின் நடுப்பகுதி வரை இழை இழுத்துத் தருவீர்களா?

இந்த ஐந்துக்கும் பதில் வாங்கிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே இணைப்பு உள்ளவர்கள் இன்றிரவே அந்த மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். குறை எங்கே என்று தெரிந்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், பின்கட்டில் இருக்கும் உம்மாவும் வாப்பாவின் முகத்தைத் தடையில்லாமல் பார்த்துப் பேசலாம்.